எழில் என்று எதைச் சொன்னேன்

ஏழாம் வகுப்பில் ‘நான் கண்ட சுற்றுலா’ என்று தமிழய்யா கட்டுரை எழுதச் சொன்னார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் உதகை போய் வந்ததை இரண்டு பக்கம் எழுதினேன். ‘எழில் கொஞ்சும்’ என்ற தொடர் அதில் ஐந்து இடங்களில் வந்தது. ஏரி, தாவரவியல் பூங்கா, சாலையோரக் கற்பூர மரங்கள், எல்லாமே எழில் கொஞ்சின. பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. அவலாஞ்சிப் பக்கம் பார்த்த புல்வெளிக்கு மட்டும் ‘மரமே இல்லாத வெறும் மேடு’ என்று ஒரே வரி. இன்று நினைத்தால் அந்த வரிதான் சுடுகிறது.

நான் எழில் என்று எழுதியதெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் அமைத்தது. ஏரியை 1820களில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் அணை கட்டி உண்டாக்கினார். கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் நட்டார்கள். மரமில்லாத நிலம் தரிசு என்பது வெள்ளைக்காரர்களின் கணக்கு. நாடு விடுதலை பெற்ற பிறகும் நெடுங்காலம் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை. ரேயான் இழைக்கான மரக்கூழுக்காகப் புல்வெளிகளில் இன்னும் மரம் நட்டார்கள். பன்னிரண்டு வயதில் நானும் அந்தக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன்.

‘எழில்’ என்ற சொல்லைப் பின்னாளில் அகராதியில் தேடினேன். எழுதல், உயர்தல், வளர்தல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சங்கப் பாடல்களில் மேகத்துக்கு ‘எழிலி’ என்று பெயர். அழகுக்கும் மழைமேகத்துக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வைத்த மொழியை வைத்துக்கொண்டு, மழையைப் பிடித்து வைக்கும் புல்லை வெறும் மேடு என்று எழுதியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு மீண்டும் அவலாஞ்சிப் பக்கம் போனேன். சீகை மரங்களை வெட்டி அகற்றிய சரிவு ஒன்றில் புல் திரும்ப முளைத்திருந்தது. மடிப்புகளில் மட்டும் சோலை. ஆங்கிலத் தாவரவியல் நூல்களிலும் அதற்கு ‘சோலா’ என்ற நம் சொல்தான். எருமை மேய்த்துக்கொண்டிருந்த தோடர் பெரியவரிடம், “முன்னாடி இங்கே தண்ணி இருந்துச்சாங்க ஐயா?” என்று கேட்டேன்.

“சீகை வந்தப்புறம் ஓடை வத்திப்போச்சுங்க. இப்பத்தான் கொஞ்சம் கசியுது” என்றார்.

குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். புல்லின் அடி, பஞ்சை நனைத்து வைத்தது போல ஈரமாக இருந்தது. மழை நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. ஐந்து முறை எழுதிய அந்தத் தொடரை ஒரு முறையாவது இந்தப் புல்லுக்கு எழுதியிருக்க வேண்டும்.

பவானியாறு இந்தப் புல்மேடுகளில்தான் பிறக்கிறது. மேட்டுப்பாளையத்தில் நான் குடித்து வளர்ந்தது அந்தத் தண்ணீரைத்தான்.