வேலியில்லாத மலை

கேள்வி: புங்குடுதீவில் பிறந்த எனக்கு இப்போது சுவிஸில் வாசம். மார்கழிப் பனியில் மலையேறக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், பருத்தி பெனியனை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு! வியர்வையில் நனைந்த பருத்தி உடற்சூட்டைப் பறித்துவிடும். உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத அங்கி. ஊரில் வாடைக்காற்றைத் தடுக்கப் பனையாவது நிற்கும். அல்ப்ஸில் சுமார் 2000 மீற்றருக்கு மேலே மரமே இல்லை. 1000 மீற்றர் ஏற, ஏறத்தாழ 6 பாகை குளிரும் கூடும்.

முதல்நாள் மாலையே டாவோஸ் ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கையைப் பாருங்கள். அபாயம் 5 படிகளில் 3 என்றாலே 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் தவிருங்கள். தனியே போகாதீர்கள். ஆபத்தென்றால் 1414, றேகா மீட்பு ஹெலிகொப்டர். வானம் கறுத்தால் திரும்பிவிடுங்கள். மலை எங்கும் புலம்பெயராது!