செவலைக்கு டோக்கன், உனக்கு?

வாடா அப்பு, உக்காரு. டீக்கடையில ரெண்டு டீ சொல்லியிருக்கேன். காசு நீ குடுப்பேன்னும் சொல்லியிருக்கேன்.

என்னது, இருநூறு கம்பெனிக்குப் போன்லயே எழுதிப் போட்டும் ஒருத்தனும் ஏன்னு கேக்கலையா? அதான் நேர்ல போய்ப் பாக்கலாமான்னு ரோசனை கேக்க வந்தியாக்கும். நேர்ல வந்ததால பதில் சொல்றேன். போன்ல கேட்டிருந்தா நானும் எடுத்திருக்க மாட்டேன்.

எங்க காலத்துல நம்மூர்ல வேலைன்னா சர்க்கரை ஆலைதான். அரவை சீசன் வந்துட்டா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போய் கேட்டு முன்னாடி நிப்போம். மேஸ்திரி ஆளைப் பாப்பாரு, கையைப் பாப்பாரு, "உள்ள போ"ம்பாரு. அவ்வளவுதான் இண்டர்வியூ. இப்ப அந்த ஆலையில அரவை நின்னு வருசக்கணக்காச்சு. நீ தாராளமா நேர்ல போகலாம். கரும்பு வரணுமே!

பைபாஸ் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போன மாசம் போனேல்ல? என்ன நடந்துச்சு? வாட்ச்மேன் உன் ஃபைலைத் தொடக்கூட இல்லை. சுவத்துல ஒட்டியிருந்த கட்டம் கட்டமான படத்தைக் காட்டி, "அதை ஸ்கேன் பண்ணுங்க தம்பி"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. முப்பது கிலோமீட்டர் பஸ்ல போய் அதே போனைத்தானே நோண்டுன? அதை நம்ம வேப்பமரத்தடியில உக்காந்தே நோண்டியிருந்தா பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

உனக்கு ஒரு சூட்சுமம் சொல்றேன், வெளிய சொல்லாத. வேலை கேக்கப் போறதுக்கு முன்னாடி கல்லா எங்க இருக்குன்னு பாரு. சம்பளம் குடுக்கிற ஆளு அந்தக் கல்லாவுலயே உக்காந்திருந்தா நேர்ல போ. கல்லா மெட்ராஸ்லயோ அமெரிக்காவுலயோ இருந்தா போன்லயே எழுதிப் போடு. அங்க போய் வாட்ச்மேனுக்கு வணக்கம் வச்சு என்னத்துக்கு ஆகும்? அவரே ஏஜென்சி ஆளு.

மதுரை விளக்குத்தூண்ல, தெற்குமாசி வீதியில நடந்து பாத்திருக்கியா? தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஜவுளிக்கடை வாசல்ல எல்லாம் "ஆட்கள் தேவை, உணவு தங்குமிடம் இலவசம்"னு அட்டை தொங்கும். அந்த அட்டைக்கு நீ மெயில் அனுப்பினா அது படிக்குமா?

வடக்கம்பட்டிக் கதை தெரியுமா? நம்ம திருமங்கலம் பக்கந்தான். 1930-கள்ல அந்த ஊரு சுப்பா நாயுடு, சாமி பேரை வச்சு காரைக்குடியில முனியாண்டி விலாஸ் போட்டாரு. அப்புறம் அந்த ஊர்ப் பயலுக ஒவ்வொருத்தனா கிளம்பி, சொந்தக்காரன் கடையில போய் நின்னாய்ங்க. எச்சி இலை எடுத்தான், வெங்காயம் உரிச்சான், அடுப்புல நின்னான், கல்லாவுல உக்காந்தான். தொழிலு கைக்கு வந்ததும் வேற ஊருக்குப் போய் அதே பேர்ல தனிக்கடை போட்டுட்டான். இப்பவும் வருசத்துக்கு ஒருக்கா கடையைப் பூட்டிட்டு ஊருக்கு வந்து முனியாண்டிக்குக் கெடா வெட்டி, அண்டா அண்டாவா பிரியாணி போடுறாய்ங்க. அதுல ஒருத்தனாவது பயோடேட்டா எழுதியிருப்பான்னு நினைக்கிற? எழுதியிருந்தா பொட்டலம் மடிச்சிருப்பாய்ங்க.

ஆனா நீ ஓட்டலுக்கு வேலை கேட்டுப் போனா மத்தியானம் ஒரு மணிக்குப் போகாத. இலையைப் போட்டு உக்கார வச்சு, கடைசியில பில்லைத்தான் கையில குடுப்பான். மூணரைக்குப் போ. முதலாளி பல்லுக்குச்சியோட தனியா உக்காந்திருப்பாரு. ஃபைலைத் தூக்கிட்டுப் போகாத, ஜாதகம் பாக்க வந்தவன்னு நினைப்பாரு.

அரசாங்க வேலைக்கு மட்டும் நேர்ல பாக்கிற பேச்சே வேணாம். 2025-ல குரூப் நாலுக்கு முதல்ல அறிவிச்சது 3,935 எடம், விண்ணப்பிச்சது 13 லட்சத்துக்கும் மேல. அத்தனை பேரும் நேர்ல போய் நின்னா சித்திரைத் திருவிழாவுக்கு எடம் இருக்காது. படி, பரீட்சை எழுது. "அதிகாரி நமக்கு வேண்டியவரு, நேர்ல பாத்து முடிச்சுத் தர்றேன்"னு எவனாவது வந்தான்னா, மொதல்ல உங்கம்மா கழுத்துச் சங்கிலியை ஒளிச்சு வை. அப்புறம் அவனுக்குத் தண்ணி குடு.

என்னடா, கிழவன் போனையே வையுறான்னு பாக்கிறியா? போனை ஏன் வையப் போறேன்? நம்ம செவலைக் காளையே ஆன்லைன்லதான் வாடிவாசலுக்கு வருது. போட்டோ, ஆதாரு, மாட்டு டாக்டர் சர்ட்டிபிகேட்டு எல்லாம் ஏத்தி, டோக்கன் வரணும். 2025-ல நம்மூர் ஜல்லிக்கட்டுக்கு மட்டும் 5,786 காளை பதிஞ்சுச்சு, அவுத்து விட்டது ஆயிரத்தை ஒட்டித்தான். உன் பாடு பரவாயில்லன்னு மாடே சொல்லும். பிடிக்கிற பயலுகளும் 1,698 பேர் அப்படித்தான் பதிஞ்சாய்ங்க. சரி, டோக்கன் வந்துருச்சு, கலர் பனியனும் போட்டாச்சு. அதுக்கப்புறம்? திமிலை டவுன்லோடு பண்ணுவியா? வாடிவாசலுக்கு முன்னாடி வந்து நின்னாத்தான்டா மாடு உன்னைப் பாக்கும். அப்படி உசிரைக் குடுத்துப் பிடிச்சு ஜெயிச்ச பயலுகளும் மைக்ல என்ன கேட்டாய்ங்க? "காரு வேணாம், ஒரு அரசாங்க வேலை குடுங்க." பாத்துக்க.

டீ ஆறுது, குடி. குடிச்சிட்டு எனக்கு ஒரு சோலி பண்ணு. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட இண்டர்நெட் சென்டர் இருக்குல்ல, செவலைக்குப் பதிய வருசாவருசம் என்கிட்ட நூறு ரூபா வாங்குறான். பொங்கல் நெருங்கிட்டா அங்க மாட்டுக்காரங்க கூட்டம் தெருவுக்கு வந்துரும், அவனுக்குக் கை ரெண்டு பத்தாது. ஃபேனுக்குப் பின்னாடி "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் தேவை"ன்னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டியிருக்கான். காத்துல ஆடிக்கிட்டுக் கிடக்கு, எவனும் பாக்கல.

ஏன் போன்ல வரலைன்னா? அந்தப் பய அதை நெட்டுல போடலடா. சரி, எந்திரி. போறப்ப செவலை போட்டோவை மறக்காம எடுத்துட்டுப் போ.