கெட்டியா இருந்தா நல்லதுன்னு எவன் சொன்னான் கண்ணு?

வா கண்ணு, இப்படி உக்காரு. உன்ற பட்டறையில இப்பெல்லாம் ஸ்பேனர் சத்தத்தையே காணோம், ஒரே டப்பாவும் தராசுமா இருக்குதுன்னு ஊருக்குள்ளார பேச்சு. லாரி வேலைய உட்டுப்போட்டு லேகியம் கிண்ட எறங்கீட்டியோன்னு நெனைச்சேன். கேட்டா, "என்ஜின் மவுண்டிங்குக்கு யூரித்தேன் ஊத்தறேன் தாத்தா"ங்கறே. செல்போன்ல பாத்தியாக்கும். நல்லா ஊத்து. ஊத்தறதுக்கு முன்னால கெழவன் சொல்றதையும் சித்தெ கேட்டுக்கோ, அதுக்குப் பில்லு போட மாட்டேன்.

அந்தப் பழைய காமெட் லாரிக்குத்தானே இத்தனையும்? ஸ்டார்ட் பண்ணுனா என்ஜின் துள்ளுது, கியர் லீவரு கை கால் உதறுது, பேனு ரேடியேட்டரைப் போயி ஒரசுது. டிரைவரு கியர்பாக்ஸ் கோளாறுன்னு சொன்னான்னு நீயும் கியர்பாக்ஸை எறக்கி ஏத்திக் காசும் வாங்கிப்போட்டே. அடியில மவுண்டிங் ரப்பரு செத்துக் கெடந்ததைப் பொறகுதான் பாத்தியாம். போகுது, தொழிலு பழகோணுமில்ல, அடுத்தவன் காசுலதான் பழகோணும்.

இப்ப என்ன வாங்கி வெச்சிருக்கறே? கெட்டி அளவுல ஷோர் ஏ 90ஆ? ஏன்னு கேட்டா, பழைய ரப்பர்ல மீட்டரை வெச்சுப் பாத்தேன், 75 காட்டுச்சு, அதுக்கு மேல கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும்னு வாங்குனேங்கறே. பலே! அந்த ரப்பரு என்ஜின் சூட்டுலயும் காத்துலயும் வருசக்கணக்கா வெந்து எறுகிப் போனது கண்ணு. புதுசுல மவுண்டிங் ரப்பரு பெரும்பாலும் 50, 60 அளவுலதான் இருக்கும். செத்துப் போனதை அளந்து, அதைவிட எச்சா ஒண்ணை வாங்கியிருக்கறே. 90ம் அதுக்கு மேல போறதும் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு ஊத்தற சரக்கு. அதை மவுண்டிங்ல வெச்சா என்ஜின் ஆடாது, வாஸ்தவம். அதுக்குப் பதிலா சேஸு ஆடும், கேபின் ஆடும், கண்ணாடி ஆடும், டிரைவரு பல்லு ஆடும். மவுண்டிங்கு எதுக்கு இருக்குது? என்ஜினைப் புடிச்சு வெக்க மட்டும்னா போல்ட்டே போதுமே, அப்பறம் எதுக்கு ரப்பரு? 1931ல கிரைஸ்லர் கம்பெனிக்காரன் பிளிமத் காருல என்ஜினை ரப்பர் மேல மெதக்கவிட்டு, அதுக்குப் 'புளோட்டிங் பவர்'னு பேரு வெச்சு வித்தான். ரப்பரு ஆடறதைத் தனக்குள்ளயே வாங்கிக்கற சரக்குன்னு அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குது. படிக்காத கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. உன்ற செல்போன் எனக்கும் எழுத்துக் காட்டும்.

இன்னொண்ணு. பழைய மவுண்டிங்ல ரப்பருக்கு நடுவுல பொந்து இருந்துதே, அதையும் சேத்து அடைச்சு ஊத்தப் போறியாமே? ரப்பரோ யூரித்தேனோ, அமுக்குனா அளவு கொறையாது, பக்கவாட்டுலதான் பிதுங்கும். பஸ்ஸுல மூணு பேர் சீட்டுல தடிச்ச ஆளு உக்காந்தா அவரு எளைக்கவா போறாரு, பக்கத்து ஆளைத்தான் ஜன்னலோட ஒட்டுவாரு. பிதுங்க எடம் உடலீன்னா 60 சரக்கும் 90ஆட்ட நடந்துக்கும். அந்தப் பொந்து கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்துல உட்டதல்ல, வேணும்னே உட்டது. உயரமும் அப்படித்தான். அமுங்கிப் போன மவுண்டிங்கை அப்படியே அளந்து அச்சு செஞ்சீன்னா, புதுசும் அமுங்குன உயரத்துலதான் பொறக்கும். அமுங்காத ஒண்ணைத் தேடிப்புடிச்சு அளந்துக்கோ.

இனி ஊத்தறதுக்கு வருவோம். நேத்து நீ வேப்பங்குச்சியால கலக்குனதைப் பாத்தேன். பல்லு வெளக்கவா போறே? ஏ, பின்னு வர்ற ரெண்டு டப்பாவுல ஐசோசயனேட்டு இருக்கறதுக்குத் தண்ணின்னா ஆகவே ஆகாது. ஈரம் பட்டா கரியமில வாயு கெளம்பி உள்ளார பூராவும் குமிழி வந்துரும். குச்சியில ஈரம் இருக்கும், டீக்கடைப் பேப்பர் கப்புல ஈரம் இருக்கும், ஐப்பசி அடைமழையில காத்தே ஈரம். எவர்சில்வர் கரண்டியும் பிளாஸ்டிக் டப்பாவும் வெச்சுக்கோ. கரண்டியத் திரும்ப வீட்டுச் சமையக்கட்டுக்குக் கொண்டுபோயி உன்ற பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்காதே. மூடிய தெறந்தா வேலை முடிஞ்சதும் மூடு. ஏ, பி ரெண்டையும் டப்பாவோட வந்த சீட்டுல போட்டிருக்கற எடைக்குத் தராசுல நிறுத்துப் போடு. கண்ணுமட்டத்துல ஊத்துனீன்னா சரக்கு இறுகாது, பிசுபிசுன்னே கெடக்கும். டப்பாவோட சுவரும் அடியும் சொரண்டிக் கலக்கி, வேற டப்பாவுக்கு மாத்தி இன்னொருக்கா கலக்கு. ஊத்தறப்ப ஒரே மூலையில நூலா உடு, காத்து தானா மேல ஏறி வெளியேறட்டும்.

இரும்புல ஒட்டோணுமே, அதைப் பத்தி யோசிச்சியா? பழைய ரப்பரை வெளியே போட்டுக் கொளுத்துனா பொகைக்குப் பஞ்சாயத்து வரும். கத்தியில அறுத்து எடு. இரும்பை மணல் அடிச்சு, அசிட்டோன்ல தொடைச்சு, பிரைமர் பூசு. அதுக்கப்பறம் விரல் வெக்காதே, உன்ற விரல்ல இருக்கற கிரீஸே போதும் ஒட்டு உட்டுப்போக. அச்சுக்கு மட்டும் மெழுகோ சிலிக்கோனோ தாராளமாத் தடவு. மறந்தா மவுண்டிங்கும் அச்சும் ஒண்ணாவே கெடக்கும், வெளியே வராது.

சிரிச்சது போதும், இதைக் கவனமாக் கேளு. போபால்ல 1984ல ஆளுகளைக் கொன்னது மெத்தில் ஐசோசயனேட்டு. உன்ற டப்பாவுல இருக்கறது அதல்ல, வேற சரக்கு, ஆனா ஒரே கொலம். மாஸ்க்கும் கிளவுசும் இல்லாம மூக்கைக் கொண்டுபோயி அதுல வெக்காதே. நெஞ்சுக்கு ஒருக்கா ஒத்துக்காமப் போச்சுன்னா, பொறகு துளி வாசம் பட்டாலும் இளைப்பு வரும், அப்பறம் அந்தப் பக்கமே போகமுடியாது. வாங்கறப்ப ஐசோசயனேட்டுல டிடிஐ வகைய உட்டுட்டு எம்டிஐ வகையக் கேட்டு வாங்கு. மவுண்டிங் போடற எடத்தையும் பாரு. சைலன்சர் பைப்புக்கு ஒட்டுன எடமா இருந்தா நடுவுல ஒரு தகரத் தடுப்பு வெய்யி, சூடு எச்சானா யூரித்தேன் தெம்பு இழந்துரும். ஆயில் பட்டா ரப்பரு ஊதும், யூரித்தேன் தாங்கும், அது அதோட நல்ல கொணம். அதுக்குன்னு ஆயில் ஒழுகறதை அப்படியே உட்டுறாதே. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில கம்ப்ரஸர் மணிக்கணக்கா நின்ன எடத்துல ஓடும் பாரு, அங்க எனக்கு ரப்பரே போதும். ஓயாம அதிர்ந்தா யூரித்தேன் உள்ளுக்குள்ளயே சூடேறும், ரப்பரு அந்த அளவுக்கு ஏறாது.

நீ ஊத்துனது கிழிஞ்சா என்ன ஆகும்னும் பாத்துக்கோ. அமெரிக்காவுல 1971ல ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிய மவுண்டிங்குக்காகத் திரும்பக் கூப்புட்டான். ரப்பர் கிழிஞ்சு என்ஜின் மேல தூக்கி, ஆக்சிலேட்டரை இழுத்துட்டுப் போச்சு. அதுக்கு அவன் பண்ணுன வைத்தியம், என்ஜினைப் புடிச்சு நிறுத்த ஒரு கம்பி வடம். அத்தனை பெரிய கம்பெனியே வடம் போட்டான். நீ ஒரு சங்கிலி போட்டா கவுரவம் கொறைஞ்சிராது.

கடையில ரப்பர் மவுண்டிங் கெடைக்கற வண்டிக்கு அதையே வாங்கிப் போடு, இந்த வித்தையெல்லாம் கெடைக்காத பழசுக்கு மட்டும் போதும். ஊத்துனா ஜோடியா ஒரே சரக்குல ஒட்டுக்கா ஊத்து. அச்சுல இருந்து ஒரு நாள்ல எடுக்கலாம், முழுசா இறுக ஒரு வாரம் ஆகும். வண்டிக்காரன் நாளைக்கே லோடு ஏத்தோணும்னு குதிச்சா, சாவிய என்கிட்டக் குடுத்துட்டுப் போ, அவனை நான் பாத்துக்கறேன்.