வாகைகுளம்–மதுரை வான்தூரம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

பொருநைக் கரையில் எதை எதையோ தோண்டி ஆராய்ந்தார்கள். வாகைகுளத்திலிருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். அக்குறை இனி இல்லை.

தூரம் மூவகைத்து.

நிலத்தூரம்: கண்டக்டர் சொல்வதே முடிபு.

வான்தூரம்: சுமார் 123 கி.மீ. பூமி உருண்டை ஆதலின் வளைவின்மேல் அளப்பதா, உள்ளே குடைந்து நேர்கோட்டில் அளப்பதா என ஐயம் எழும். இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டர். அந்த 2 மீட்டருக்காக வளைவுக் கட்சியார் கோட்டுக் கட்சியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதில்லை (காண்க: வண்ணார்பேட்டை டீக்கடை, இரண்டாம் பெஞ்சு).

மெய்த்தூரம்: நேரடி விமானம் கிடையாது. பறந்தே தீருவேன் என்பவர் சென்னை வழியே போனால், சுமார் 530 கி.மீ. போய், அங்கிருந்து சுமார் 415 கி.மீ. தெற்கே திரும்ப வேண்டும். ஆக 123 என்பது 945 என்க. வாகைகுளத்து ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டினார்களே, மதுரை கொஞ்சம் கிட்டே வந்திருக்காதோ எனின், வராது. என்னை? அது கிழக்கு மேற்காக நீண்டது.

இனிக் காலம். ஏடிஆர் விமானம் நேரே போனால் அரை மணிக்குள் மதுரை. இது காலக்கணக்கில் அற்பப் பகுதி. பெரும்பகுதி 'அல்வாக் காலம்' எனப்படும். வாகைகுளத்துக்கு விமானம் ஏற வரும் நெல்லைக்காரர் வெறுங்கையோடு வெளியூர் போகார். அல்வா விற்கும் இருட்டுக்கடையோ சாயங்காலந்தான் திறக்கும். எனவே காலை விமானத்துக்குப் பயணம் முந்தின நாள் அந்தியிலேயே, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே வரிசையில் தொடங்கிவிடுகிறது. இது தொடக்கமன்று, மைத்துனருக்கும் ஒரு கிலோ வேண்டும் என்று வீட்டில் சொன்ன கணமே தொடக்கம் என்பது ஒரு சாரார் கொள்கை (நெய் பட்ட காகிதம், பக்க எண் படிக்க முடியவில்லை). 'மைத்துனருக்கு' என்பதே இடைச்செருகல், மூலத்தில் 'சம்பந்திக்கு' என்றிருந்தது என்பர் பிறிதொரு சாரார் (மேற்படி காகிதத்தின் மறுபக்கம், அல்வாவை வழித்துத் தின்ற பின் கிடைத்த பாடம், தின்றவரே பதிப்பாசிரியர்). கைப்பையில் ஏழு கிலோ என்ற வரம்பு வேறு. அதில் வேட்டி சட்டைக்கு மிஞ்சும் எடை இன்னும் வரையறுக்கப்படவில்லை.

இவ்வளவு தாமதமா என்று வெளியூர் அறிஞர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பக்கத்து ஆதிச்சநல்லூரில் 2004-05இல் தோண்டி எடுத்தவற்றுக்குக் கார்பன் காலக்கணிப்பு 2019இல்தான் வெளிவந்தது, அதுவும் நீதிமன்றம் கேட்ட பிறகு. அந்த வேகத்துக்கு எங்கள் மைத்துனர் அல்வா ஒளிவேகத்தில் போகிறது.

நெல்லை வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் மதுரை பஸ் ஏறியவர், இந்த ஆய்வாளர் சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போதே மாட்டுத்தாவணியில் இறங்கி, கொண்டுபோன அல்வாவையும் கொடுத்துவிட்டார். அவரை ஆய்வுக்கு உட்படுத்தவில்லை. அவரிடம் போர்டிங் பாஸ் இல்லை.