பறங்கிக்காய் வேஷம்

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு வேஷம் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை குழந்தையினுடையது அல்ல என்பதைச் சத்தியப் பிரமாணமாகச் சொல்லிவிட்டே மேலே செல்கிறேன். என் பிள்ளைக்கு இருந்த ஆசையெல்லாம் உடையே இல்லாமல் திரிய வேண்டும் என்பது ஒன்றுதான். ஆயினும் நியூஜெர்ஸி மாகாணத்தில் எடிசன் என்னும் ஊரில் குடியிருந்துகொண்டு, அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் பண்டிகையன்று, தெருவிலுள்ள சகல குழந்தைகளும் பேயாகவும் பிசாசாகவும் சூனியக்காரியாகவும் வீடு வீடாகப் போய் மிட்டாய் தண்டி வரும்போது, நம் பிள்ளை மட்டும் வெறும் பிள்ளையாக நிற்பதா என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமற் போனபடியால், 25 டாலர் செலவில் ஒரு பறங்கிக்காய் உடுப்பு எங்கள் இல்லத்தில் பிரவேசித்தது.

ஆரஞ்சு வர்ணம், உள்ளே பஞ்சு, வயிற்றில் இரண்டு முக்கோணக் கண்களும் பல் போன ஒரு வாயும், தலைக்குப் பச்சைக் காம்பு வைத்த தொப்பி. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் தேசத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி விளக்கேற்றி வந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்கு வந்த இடத்தில், குடைவதற்குச் சுலபமான பறங்கிக்காயைக் கண்டு கிழங்கைக் கைவிட்டார்கள். பிழைக்க வந்த இடத்துக் காய்க்குத் தக்கபடி சம்பிரதாயத்தை மாற்றிக்கொண்ட அந்த ஜனங்களிடம் எனக்கு அநுதாபம் உண்டு. நாங்களும் வாசலில் பிளாஸ்டிக் மாவிலை கட்டுகிறவர்கள்தாமே!

2024ஆம் வருஷம் தீபாவளியும் அதே 31ஆம் தேதியில் வந்து விழுந்தது. நரகாசுரன் தொலைந்ததற்காக விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஜரிகை வேஷ்டி கட்டி, லேகியம் நக்கவைத்த குழந்தையை, சாயங்காலம் அசுரக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும்படி அனுப்புவது என்ன நியாயம் என்று யோசித்தவாறே, அளவு பார்ப்பதற்காக அவனுக்கு உடுப்பை மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில், மாயவரத்திலிருந்து என் தாயார் வீடியோவில் தோன்றினார்.

“ஏண்டா, குழந்தைக்குத் திருஷ்டி சுத்திப் பூசணிக்காயை உடைப்பாங்க. நீ குழந்தையையே பூசணிக்காயாக்கி வச்சிருக்கியே!”

“இது பூசணி இல்லை, அம்மா. பறங்கி.”

“அதுதான் தெரியுதே. பறங்கியாத்தான் ஆக்கிட்டே.”

இந்த ஒரு வார்த்தை என் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பிவிட்டது. வேண்டாம் என்று விளக்கிச் சொல்லத் தெரியாத ஒரு ஜீவனை, நாம் படமெடுத்து மகிழ்வதற்காகக் காய்கறியாக்குவது தர்மமா என்று மனைவியிடம் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவ்வருஷத்துக் கோகுலாஷ்டமிப் படத்தை என் முன் நீட்டினாள். அதில் தலையில் மயிலிறகும் இடுப்பில் ஒட்டியாணமும் உதட்டில் சாயமுமாக, புல்லாங்குழலால் என் மண்டையில் அடித்தபடி அதே ஜீவன் அழுதுகொண்டிருந்தது. நானோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் உறங்கிய மனச்சாட்சி ஐப்பசியில் மட்டும் விழித்துக்கொண்டதற்கு என்னால் காரணம் காட்ட முடியவில்லை.

சாயங்காலம், பறங்கிக்காயின் கன்னத்தில் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். (பேயிடமிருந்து தப்புவதற்குப் பேயாகவே வேஷம் போடுவதுதான் இந்தப் பண்டிகைக்குச் சொல்லப்படும் பழங்காரணம் என்றால், அழகில் ஒரு புள்ளி குறைத்துக்காட்டித் திருஷ்டியை ஏமாற்றும் நாமும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களே.) மழையையே ஏறக்குறைய மறந்துவிட்ட அந்த அக்டோபரின் கடைசி நாள் கோடையைப் போல் காய்ந்தது, பஞ்சுக்குள் அவன் வெந்துகொண்டிருந்தான். முதல் வீட்டு வாசலில் தொங்கிய எலும்புக்கூட்டைக் கண்டு திடுக்கிட்டது நான். அவன் அதற்கு டாட்டா காட்டினான். இரண்டாவது வீட்டில், மிட்டாய்க் கிண்ணத்தை நீட்டிய மூதாட்டிக்கு, முதல் வீட்டில் சம்பாதித்த சாக்லேட்டைத் தன் வாளியிலிருந்து எடுத்துத் தானம் செய்தான். மிட்டாய் தராவிட்டால் சேட்டை செய்வேன் என்று மிரட்ட வேண்டிய நாளில் கொடுத்துவிட்டு வருகிறானே என்று எனக்கு ஒரு கணம் வெட்கமாகவும், மறுகணம் தலைகால் புரியாத பெருமையாகவும் இருந்தது. மூன்றாவது வீட்டுப் புல்தரையில் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுப் படுத்து உருண்டான். பறங்கிக்காய்க்கு அது இயல்பே.

அவன் வேஷத்தில் இருந்தது மொத்தம் 11 நிமிஷம். அந்த உடுப்பு இப்போது அவனுக்குப் போதாது. எடிசன் பக்கத்தில் இரண்டு வயதுக் குழந்தை உள்ள வாசகர் எவரேனும் இருந்தால் தாராளமாக வந்து வாங்கிக்கொள்ளலாம். தொப்பியின் காம்பு மட்டும் சற்றுக் கடிபட்டிருக்கும்.