சுருங்க மறுக்கும் தோல்

கேள்வி: ஃபன்ஸ்கூல் பொம்மை ஆலையும் தோல் ஆலைகளும் இருக்கிற ஊர் எங்கள் ராணிப்பேட்டை. 1:24 மாடல் கார் கிட்டின் சீட்டுக்கு நிஜத் தோலை ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த அளவில் 4 மீட்டர் கார் 17 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தோல் மட்டும் சுருங்காது. 1 மில்லிமீட்டர் தோல் அங்கே 24 மில்லிமீட்டர் மெத்தையாகத் தெரியும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஓரம் சீவும் ஸ்கைவிங் மெஷின் இருக்கிறதே என்பீர்கள். 0.4க்குச் சீவினாலும் கணக்கு 10 மில்லிமீட்டரை நெருங்கும். மயிர்க்கால் புள்ளிகளோ அம்மைத் தழும்பாய் நிற்கும். பளபளப்பில்லாத பெயின்ட் பூசிய பிளாஸ்டிக்தான் கண்ணுக்கு நிஜத் தோல். 1:8 கிட் என்றால் கதை வேறு: அதே 0.4 அங்கே 3 மில்லிமீட்டர் சொச்சம்தான். சீவிய ஆட்டுத்தோலைத் தாராளமாக ஒட்டுங்கள். சீட் மடிப்பில் அது விழுகிற அழகு எந்தப் பெயின்ட்டுக்கும் வராது.