கடுகு டப்பாவில் கால் பவுன்

போன வாரம் மைத்துனன் கூரியரில் ஒரு டிக்‌ஷனரி அனுப்பியிருந்தான். பரவாயில்லையே, பையனுக்குப் புத்தகத்தின் மேல் அக்கறை வந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. “அத்தான், அது டிக்‌ஷனரி இல்ல. லாக்கர்!”

கருநீல அட்டை. முதுகில் தங்க எழுத்தில் ‘இங்கிலீஷ் டிக்‌ஷனரி’. மற்ற மூன்று பக்கமும் தாள் அடுக்கியதுபோல் பிளாஸ்டிக்கில் வரிவரியாகக் கோடு. அட்டையைத் திறந்தால் உள்ளே கறுப்பாக ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு ஒரு பூட்டு, சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு சாவி. சங்கிலி, மோதிரமெல்லாம் இதில் போட்டு மற்ற புத்தகங்களோடு அலமாரியில் வைத்துவிட்டால் ஆண்டவனுக்கே தெரியாதாம்.

மற்ற புத்தகங்களாம்! எங்கள் அலமாரியில் இருப்பவை பாம்புப் பஞ்சாங்கம், எண்ணெய்க் கறை படிந்த ஒரு சமையல் புத்தகம், மகன் விட்டுவிட்டுப் போன பிளஸ் டூ வேதியியல் கைடு, பயன்படாத ஒரு டெலிபோன் டைரக்டரி. இவற்றுக்கு நடுவே தங்க எழுத்து மின்ன ஒரு டிக்‌ஷனரி இருந்தால் திருடன் எதில் கை வைப்பான்? திருடன் கிடக்கட்டும். மறுநாளே எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார், பேத்திக்கு ஏதோ வார்த்தைக்கு அர்த்தம் பார்க்க வேண்டுமென்று. “அது அவ்வளவு நல்ல டிக்‌ஷனரி இல்லை சார்” என்றேன். “ஆக்ஸ்போர்டா இல்லாட்டியும் பரவாயில்ல” என்கிறார் மனுஷன்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், இதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி காசுக்கு விற்கிறார்கள். குளிர்பான டப்பா லாக்கர், சுவர் பிளக் பாயிண்ட் லாக்கர், முட்டைக்கோஸ் லாக்கர் என்றுகூட வருகிறதாம். நம் சமையலறையில் எந்த டப்பாவுக்குள் மூடியில் எழுதிய சாமான் மட்டும் இருந்திருக்கிறது? கடுகு டப்பாவில் கால் பவுன் கம்மல். துவரம்பருப்புக்கு அடியில் பால்காரர் பணம். அரிசி டிரம்மில் முழங்கை வரை கை விட்டுத் துழாவினால் தவிடு அப்பிய ஒரு சுருக்குப்பை. சாமி படத்துக்குப் பின்னால் அடகுச் சீட்டு. ஆக, ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. திருடனும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தானே? அவன் அம்மாவும் கடுகு டப்பாவில்தான் வைத்திருப்பாள்.

இதற்கு மாற்றாக என்னிடம் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தச் சாவி விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

டிக்‌ஷனரிக்குச் சாவி உண்டு என்றேன் அல்லவா? அதை எங்கே ஒளிப்பது? பீரோவில் என்றாள் மனைவி. சரி, பீரோ சாவி எங்கே? பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், சட்டைப் பித்தான்களுக்கு அடியில். பாட்டில் எங்கே? பரணில். பரணுக்கு ஏற ஏணி? மாடி வீட்டுக்காரர் ஒட்டடை அடிக்க வாங்கிக்கொண்டு போனார். அவர் எங்கே? பேரனுக்கு மொட்டையடிக்கத் திருச்செந்தூர் போயிருக்கிறார். அவர் வீட்டுச் சாவி? நம்மிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். அது எங்கே? “பத்திரமா இருக்கட்டும்னு டிக்‌ஷனரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேங்க.”

பீரோ சாவி என்பதே தனிச் சாஸ்திரம். கோத்ரெஜ் கம்பெனி 1897இல் பூட்டு செய்யத்தான் தொடங்கியது. நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு லட்சக்கணக்கில் வாக்குப்பெட்டி செய்து கொடுத்ததும் அதுதான். ஓட்டுகளையே அதன் பெட்டிக்குள் நம்பிப் போட்டது நாடு. அப்பேர்ப்பட்ட பீரோவை வாங்கி, வெளிச்சாவியை அதன் தலைமேலேயே வைக்கிறோம். உள்லாக்கர் சாவியைப் புடவை அடுக்குக்குக் கீழே, தட்டில் விரித்த பழைய செய்தித்தாளுக்கு அடியில் வைக்கிறோம். டூப்ளிகேட் சாவி எங்கே என்று எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும்! சாவி தொலைந்தால் உதவட்டும் என்று கம்பெனிக்காரன் தந்த சாவி, பீரோ திறந்திருந்தால் மட்டும்தான் கைக்குக் கிடைக்கும். என் பாட்டி சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தாள். தூங்கும்போதும் எடுக்க மாட்டாள். அவள் நடந்தால் சாவிச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். எதையும் ஒளிக்கவில்லை, எதுவும் தொலையவுமில்லை. இடுப்பில் செருகும் வழக்கம் போனது, நமக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. அதுவும் கண்ணாடி பாட்டிலாக இருந்த வரைக்கும் வெளியிலிருந்தே சாவி தெரியும். பிளாஸ்டிக் வந்ததும் அந்தச் சௌகரியமும் போயிற்று.

டப்பாக்கள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவைதான். 2016 நவம்பர் 8, இரவு 8 மணி. 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் அறிவித்ததும், சீரகம், தனியா, வெந்தயம் என்று ஒவ்வொரு மூடியாகக் கழன்றது. தன் சேமிப்பு மனைவிக்குத் தெரியக் கூடாது என்று ஷூவுக்குள் வைத்திருந்தவர்களும் மாட்டினார்கள். அப்போதும் வாய் திறக்காத டப்பாக்கள் இருந்தன. டெபாசிட் செய்யும் கெடு டிசம்பர் 30இல் முடிந்த பிறகு, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அவை அகப்பட்டன. 2017இல் சட்டமே வந்துவிட்டது: பழைய நோட்டு 10க்கு மேல் வைத்திருந்தால் குற்றம், அபராதம் குறைந்தது 10,000 ரூபாய். அதாவது பாட்டியின் டப்பாவில் 10 நோட்டு இருந்தால் ஞாபகார்த்தம், 11 இருந்தால் வழக்கு.

பேசாமல் வங்கி லாக்கரில் வைத்துவிடலாமே என்பீர்கள். லாக்கர் கிடைப்பதற்குள் பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்துவிடும், அதை விடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நகை போனால் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். வெள்ளம், பூகம்பம் என்றால் அதுவும் கிடையாது. இன்றைய விலைக்கு 2 லட்சத்துக்கு எத்தனை பவுன் வரும் என்று கணக்குப் போட்டாள் மனைவி. பேசாமல் எழுந்து போய்க் கடுகு டப்பாவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

யோசனை இருக்கட்டும். ஒளித்து வைப்பதில் நமக்கெல்லாம் முன்னோடி ஒருவர் இருந்தார். 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் மண்ணுக்குள் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலான காசுகளில் மன்னன் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. வைத்தவர் கெட்டிக்காரர்தான், 1,800 ஆண்டுகள் எந்தத் திருடனாலும் தொட முடியவில்லை. என்ன, அவர் வீட்டாராலும் தொட முடியவில்லை. யாரிடமும் இடத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்தக் காசுகளில் கொஞ்சம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, மைத்துனன்மார்களே, கடுகிலோ கோஸிலோ டிக்‌ஷனரியிலோ, எதில் வேண்டுமானாலும் வையுங்கள். வைத்த இடத்தை மட்டும் வீட்டில் இன்னொருவர் காதில் போட்டு வையுங்கள். கூடுமானவரை, மறதி இல்லாதவராகப் பார்த்து.